குலுக்கையின் அடித்துளை

ஓர் உணவு கெட்டுப்போயிற்று என்று சொல்லும்போது நம் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறோம். பூஞ்சையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அப்போதுதான் பரிமாறப்பட்டிருக்கிறது. நமக்கு முந்தி வேறோர் உயிர் இலைமுன் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அரிசியில் வண்டு, புளியில் புழு, ஊறுகாயில் பூசணம், மீனில் கண்ணுக்குத் தெரியாத கிருமி எல்லாம் நம்மோடு பந்திக்கு வந்தவை. உலர்த்துவது, உப்பிடுவது, புளிக்கவைப்பது, புகையிடுவது, எண்ணெயில் மூழ்கடிப்பது என்று மனிதர் கண்ட வழிகள் எல்லாமே அந்தப் பந்தியில் மற்றவர்களுக்கு இடமில்லாமல் செய்பவை. பெரும்பாலானவற்றின் சூட்சுமம் ஒன்றுதான். உணவிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது, அல்லது தண்ணீர் இருந்தும் கிருமிக்கு எட்டாதபடி உப்பால் கட்டிப்போடுவது.

ஆகவே உணவைக் காப்பது பற்றி யோசிக்கத் தொடங்கினால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: யாரிடமிருந்து காக்கிறோம்? நல்ல காலத்தில் பதில் எளிது. எலி, வண்டு, பூசணம். பஞ்ச காலத்தில் அந்தப் பட்டியலில் மனிதரும் சேர்ந்துவிடுகிறார்கள். புயலுக்குப் புயல், தொற்றுக்குத் தொற்று, நெருக்கடிக்காக உணவு சேர்த்துவைப்பது பற்றிய பேச்சு எழுந்து அடங்குகிறது. நம் பாட்டிமார் வற்றல் போட்டார்கள் என்ற பெருமூச்சோடு அது முடிந்தும் விடுகிறது. அந்தப் பாட்டிமார் செய்ததைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பெருமூச்சுக்கு அப்பாலும் சில விஷயங்கள் கிடைக்கும்.

எங்கள் கரிசல் பக்கத்தில் துவரைக்கு மண் கட்டுவார்கள். செம்மண்ணைச் சலித்துத் தண்ணீரில் குழைத்து, முழுத் துவரையை அதில் போட்டுப் பிசறுவார்கள். ஒவ்வொரு பயறின்மேலும் மெல்லிய பூச்சு ஏறியதும் குவித்து ஓர் இரவு சாக்கு போட்டு மூடிவைத்து, மறுநாள் களத்தில் பரப்புவார்கள். மண் காய்ந்து பயறைப் பிடித்துக்கொள்ளும். பயற்றுவண்டு தோலின்மேல்தான் முட்டையிடும். மண்பூச்சு அதற்கு இடம் தராது. என் பெரியம்மாவுக்கு வண்டின் வாழ்க்கைச் சரித்திரம் தெரியாது. ஆனால் எந்தப் பயறு உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்பதைப் பல்லால் சொல்வார். "கடிச்சுப் பாருலே. நசுங்குச்சுன்னா இன்னொரு வெயில் வேணும். டக்குனு ஒடஞ்சாத்தான் உள்ள போகணும்." நெல்லுக்கும் அதே பரீட்சைதான். ஈரம் 14 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் தானியம் நீண்ட நாள் தாங்கும் என்று இன்றைக்குக் கருவி வைத்து அளப்பதும், அந்தக் கடைவாய்ப் பல் கேட்ட சத்தமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

பயறு போகும் இடம் குலுக்கை. வடக்கே குதிர் என்பார்கள். களிமண்ணையும் வைக்கோலையும் சேர்த்துப் பிசைந்து, உறை உறையாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய ஆளுயரப் பாண்டம். மேல்வாய் வழியாகத் தானியத்தைக் கொட்டி, வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு மூடி, சாணியால் மெழுகிவிடுவார்கள். எடுப்பது அடியில் உள்ள துளை வழியாக. துணிப்பந்து ஒன்று அந்தத் துளையை அடைத்திருக்கும். அதை உருவினால் தானியம் தானாகச் சரிந்து முறத்தில் விழும். முதலில் போட்டது முதலில் வரும். பழையதை அடியில் புதைத்துவிட்டுப் புதியதை மேலே அள்ளித் தின்ன வழியே இல்லை. இன்றைய கிடங்கு நிர்வாகத்தில் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தரும் ஒழுங்கை அந்த மண்பாண்டம் தன் வடிவத்திலேயே வைத்திருந்தது.

இதைத்தான் முக்கியமாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆபத்துக்கென்று தனியாக ஒரு மூலையில் எதையும் ஒதுக்கிவைத்த சமூகமல்ல நம்முடையது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஆபத்து ஆண்டுதோறும் நாள் குறித்து வந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த கொத்தவரையும் சுண்டையும் மணத்தக்காளியும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி வராத நாளில் குழம்பாயின. மோர்மிளகாய்க்குப் பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் உப்பு மோர். மோர் முழுவதும் உள்ளே இழுபட்டு மிளகாய் வெளிறும்வரை அந்தப் போக்குவரத்து நடக்கும். நெல்லை அவித்துக் காயவைத்தால் அரிசி இறுகும், குத்தும்போது நொறுங்காது. தவிட்டோடு போக வேண்டிய சத்தில் ஒரு பங்கும் அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசி உண்ட மக்களிடம் பெரிபெரி நோய் குறைவாக இருந்ததற்கு அதுவே காரணம். கடற்கரையில் கதை இன்னும் பழையது. மீனை வெயிலில் உணக்கிவிட்டுப் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் சங்க இலக்கிய நெய்தல் பாடல்களிலேயே வருகிறார்கள். இன்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் பல வீடுகளின் சட்டியில் கொதிப்பது நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும்தான்.

சேர்த்தது எல்லாம் ஆண்டுக்குள் உண்ணப்பட்டது. அதனால்தான் கைப்பழக்கம் நீடித்தது. வற்றலை எவ்வளவு எண்ணெயில், எந்த நிறம்வரை பொரிப்பது என்பது வருஷம் தவறாமல் செய்கிறவருக்குத்தான் தெரியும். நெருக்கடிக்கென வாங்கி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிய பிஸ்கட் டின்களும் சூப் பாக்கெட்டுகளும் காலாவதித் தேதி தாண்டிய பிறகே கண்ணில் படுகின்றன. அவற்றை வீட்டில் யாரும் விரும்பித் தின்னவில்லை, யாரும் சமைத்துப் பழகவுமில்லை. நல்ல காலத்தில் நாவுக்குப் பிடிக்காத ஒன்று கெட்ட காலத்தில் வீட்டைக் காக்கும் என்று நம்புவதற்கில்லை.

இதுவரை சொன்னது சேமிப்பின் அழகான பக்கம். குலுக்கை எல்லார் வீட்டிலும் இருந்தது என்ற எண்ணத்தை இது உண்டாக்கினால் தவறு. சேமிப்பு என்றால் முதலில் மிச்சம் வேண்டும். காவிரிப் படுகையில் மரப்பலகையால் செய்த பத்தாயங்கள் மிராசுதார் வீடுகளில் அறையளவு நின்றன. அவற்றின் சாவி இடுப்பில் தொங்கியது. அறுவடைக் கூலியாக நெல் அளந்து வாங்கியவர்களுக்குக் களத்திலிருந்து வீடு போவதற்குள் பாதி கடனுக்குப் போயிற்று. அவர்களிடம் இருந்தது வேறு வகைக் காப்பு. எந்தக் கீரை தழைக்கும், எந்தக் கிழங்கை எத்தனை முறை அவித்து நீரை வடித்தால் விஷம் போகும், எந்தப் புல்லின் விதை இடித்தால் மாவாகும் என்ற அறிவு. அதைப் பானையில் போட்டு மூட முடியாது. காடும் புறம்போக்கும் திறந்திருக்கும்வரைதான் அது உதவும்.

1876இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்த இரண்டு வகைக் காப்பையும் தாண்டிப்போயிற்று. இரண்டே ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஒரு வீட்டின் வற்றலும் வடகமும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவைக்கும். அடுத்தடுத்துப் பொய்த்த பருவத்தைத் தாண்டவைக்காது. ஆனால் நாட்டில் தானியமே இல்லாமல் போனது என்றும் சொல்ல முடியாது. 1877 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாக அடுக்கிக் கிடந்ததைக் காட்டும் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. ரயில்பாதை இருந்தது, கப்பல் இருந்தது, தானியம் விலை கிடைத்த திசையில் ஓடியது. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். ஒரு ராத்தல் என்பது 450 கிராம் அளவு. அதைத் தின்று மண்வெட்டி பிடிக்க முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டையிட்டார். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அத்தகைய நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

அந்தக் கடற்கரை மூட்டைகளும் ஒருவகையில் பாதுகாக்கப்பட்ட உணவுதான். காய்ந்தது, கட்டியது, காவல் போட்டது. குலுக்கைக்கும் அதற்கும் வேறுபாடு அளவில் இல்லை. குலுக்கையின் துளை திறப்பது பசிக்கு. மூட்டையின் வாய் திறப்பது விலைக்கு. சேமிப்பையும் பதுக்கலையும் பிரிக்கும் கோடு இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். எப்போது, யாருக்காகத் திறக்கும் என்பதில் அது இருக்கிறது.

உப்பின் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலோரத்தில் மீனை உணக்கிக் கருவாடாக்க உப்பு வேண்டும். அலை ஏறி வற்றிய இடத்தில் தானாகப் பூத்த உப்பும், உப்பேறிய மண்ணும் நெடுங்காலம் இலவசமாகக் கிடைத்தவை. பிரிட்டிஷ் அரசின் உப்பு வரியும் உப்புச் சட்டங்களும் அதை அள்ளுவதைக் குற்றமாக்கின. வரி கட்டிய உப்பின் விலை மீனின் விலையை மிஞ்சியது. வலை நிறைய மீன் பட்ட நாளில் அது கரையிலேயே அழுகியது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே, உப்பு வரி மீன் தொழிலை எப்படி நசுக்குகிறது என்பதை 1870களிலேயே அரசுக்கு எழுதினார். பிறகு சென்னை மாகாணக் கரைகளில் சலுகை உப்பு கொடுத்து, அதிகாரி பார்வையில் மீனுக்கு உப்பிடும் இடங்களைத் திறந்தார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததை விடுதலைப் போராட்டப் பாடத்தில் படிக்கிறோம். கருவாட்டுச் சட்டியோடும் அதற்குத் தொடர்புண்டு. உணவைக் காக்கும் கலை வீட்டுக்குள் நடப்பதுபோல் தோன்றினாலும், வெயில், உப்பு, மண், மரம், பொது இடம் என்று வீட்டுக்கு வெளியே உள்ளவற்றைத்தான் அது நம்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றைப் பூட்டினாலும் கலை நின்றுபோகும்.

மரம் பூட்டப்படாமல் இருந்த இடம் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தில் பனை வேலியோரமாகவும் வெளிக்காணியிலும் நின்றது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பனம்பழக் காலத்தில் களியைப் பிசைந்தெடுத்துப் பாயில் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்த அடுக்கின்மேல் மறுநாள் இன்னோர் அடுக்கு. தோல்போல் தடித்து வந்ததும் உரித்து வெட்டி எடுப்பது பனாட்டு. பாணியில் ஊறப்போட்டால் பாணிப்பனாட்டு. மிஞ்சிய கொட்டைகளை மணற்பாத்தியில் அடுக்கி மூடினால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில் கசப்பு உண்டு. தண்ணீரில் கரைத்து அடைய விட்டு, மேலே தெளிந்த நீரை இறுத்து, மறுபடி நீர் விட்டுக் கசப்பைப் போக்குவார்கள். பிறகு மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்துகொண்டிருக்கும் பெரிய பானையில் புளியும் செத்தல் மிளகாயும் அரைத்து விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றினால் கூழ் இறுகி வரும். பிலா இலையைக் கோலி முள்ளால் குத்தி அதில் வாங்கிக் குடிப்பது. ஒடியற்கூழை ஓர் ஆளுக்கென்று யாரும் காய்ச்சுவதில்லை. பானை பெரிது என்பதால் அக்கம்பக்கத்தாரும் வந்துவிடுவார்கள்.

1990இல், உள்நாட்டுப் போரின் நடுவே, யாழ்ப்பாணக் குடாநாட்டின்மேல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், பற்றரி, உரம், சவர்க்காரம் என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றினார்கள். பனம்பழத்தைத் தேய்த்துத் துணி துவைத்தார்கள். ஏழைச் சாப்பாடு என்று ஓரமாக வைக்கப்பட்ட ஒடியல்மாப் பிட்டு மறுபடி அடுக்களைக்குள் வந்தது. யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கற்ற கைகள் உயிரோடிருந்தன, மரமும் நின்றது. அதே பனையைத் தறித்த குற்றிகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகவும் போயின. உணவு தரும் மரத்தையே உயிரைக் காக்க வெட்ட வேண்டிவந்த இடத்தில் பாதுகாப்பு என்ற சொல்லே இரண்டாகப் பிளந்து நின்றது.

அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 1995 அக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் நடந்து வெளியேறினார்கள். பாத்தியில் இருந்த கிழங்கைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கடைசியாக எஞ்சியது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அதைத்தான் ஆண்டுதோறும் மே மாதத்தில் தெருவில் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றுகிறார்கள். வீட்டுச் சேமிப்பு நிலத்தில் வேரூன்றியது. இடம்பெயர்க்கப்பட்டவரிடம் அது இல்லை. அவருக்கு வேறொருவர் பானை திறந்தால்தான் உண்டு.

இந்த இடத்தில் மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் நினைவுக்கு வருகிறான். மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது. இதைவிட முழுமையான முன்னேற்பாட்டை எந்த நாடும் கற்பனை செய்ததில்லை. எடுக்க எடுக்கக் குறையாது, கெடாது. ஆனால் இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டில் பசித்தவரே இல்லாமல் செய்துவிடுகிறான். பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறுகிறான் ஆபுத்திரன். வழியில் மணிபல்லவத்தில் அவன் இறங்கி நிற்கையில் கப்பல் அவனை விட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத் தீவு. தான் ஒருவன் மட்டும் அந்தப் பாத்திரத்தில் உண்டு உயிர்வாழ அவனுக்கு மனம் வரவில்லை. கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். நடைமுறைக்கு ஒவ்வாத செயல் என்று இன்றைக்குச் சொல்வோம். எனக்கு அது வறட்டுத் தியாகமாகப் படவில்லை. பகிர யாருமில்லாத இடத்தில் களஞ்சியத்துக்கு என்ன பொருள் என்று காப்பியத்தை எழுதிய சாத்தனார் கேட்கிறார். யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவையே மணிபல்லவம் என்று கருதுவோர் உண்டு.

நம் காலத்துக்கு வருவோம். பல வீடுகளில் உணவைக் காக்கும் பொறுப்பு குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்விட்டது. மின்சாரம் இருக்கும்வரை அதில் குறையில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரி. நகரத்து அடுக்குமாடியில் மொட்டைமாடிக்குப் பூட்டு. வடகம் பிழிய வெயில் இருக்கிறது, வெயிலுக்குப் போக வழியில்லை. குடியிருப்போர் சங்கங்கள் கோடையில் காலை முதல் மாலைவரை அந்தப் பூட்டைத் திறந்துவிட்டாலே நெருக்கடி மேலாண்மையில் ஒரு பங்கு நடந்துவிடும். கொஞ்சம் புளி, உப்பு, இரண்டு வகை வற்றல், ஒரு மாதத்துக்கான அரிசி பருப்பு ஆகியவற்றை நெருக்கடிக்கென்று ஒதுக்காமல் சுழற்சியில் வைத்திருக்கும் வீடு முதல் வாரத்தைக் கலங்காமல் கடக்கும். அப்படிக் கடக்கும் ஒவ்வொரு வீட்டாலும் கடை வரிசையில் ஓர் ஆள் குறைகிறார்.

ஆனால் முதல் வாரத்துக்குப் பிறகு? 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது வசதியுள்ளவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். அந்த ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய அரசின் தொகுப்பில் அரிசியும் கோதுமையும் 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தன. இருக்க வேண்டிய கையிருப்பைப்போல் அது இரு மடங்குக்கும் அதிகம். தமிழ்நாட்டில் எல்லாருக்குமான பொது விநியோகம் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்ததால், ரேஷன் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் மாதாமாதம் பழகிய கை இருந்தது. அந்த ஏப்ரலில் இலவச அரிசியும் ஆயிரம் ரூபாயும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம். நாள்தோறும் இயங்குவது மட்டுமே ஆபத்தில் இயங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் இங்கே கட்டட வேலைக்கு வந்திருந்த பிகார், ஒடிசாத் தொழிலாளர்களின் குடும்ப அட்டை அவர்கள் ஊரில் இருந்தது. தமிழ்நாடு ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் சேர்ந்தது அந்த ஆண்டு அக்டோபரில். இடைப்பட்ட மாதங்களில் தானியம் இருந்தது, பசி இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டை இருந்தது.

டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் மோதும் ஆண்டுகளில் இன்னொரு காட்சி. கொள்முதல் நிலையத்தின் முன் நெல் நாள்கணக்கில் காத்துக்கிடக்கிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். வரம்பை 22ஆக உயர்த்துங்கள் என்று விவசாயிகள் கேட்கிறார்கள், டெல்லியிலிருந்து குழு வந்து அளந்து போகிறது, சில முறை தளர்வு கிடைக்கிறது. தார்ப்பாய்க்கு அடியில் முளைவிடும் நெல்லுக்கு விதி புரிவதில்லை. ஈரநெல்லைக் கிடங்கில் ஏற்றக் கூடாது என்பது சரியான விதிதான், என் பெரியம்மாவும் ஏற்றியிருக்க மாட்டார். ஆனால் அவர் பயறை வெயிலுக்குத் திருப்பி அனுப்பினார், களம் இருந்தது. மழைக்காலத்து நெல்லுக்கு வெயில் இல்லையென்றால் உலர்த்தும் இயந்திரமும் கூரையிட்ட களமும் அந்த வெயிலின் இடத்தில் நிற்க வேண்டும். இல்லாதபோது விதி மட்டும் தனியாக நிற்கிறது.

பாரம்பரிய உணவுப் பாதுகாப்பை மீட்பது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் சமையல் குறிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். குறிப்பு வேண்டும், மறுக்கவில்லை. குறிப்பு தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. ஆனால் அந்தக் கலை தன் நல்ல நாட்களில் கொண்டிருந்த இரண்டு குணங்களையும் சேர்த்து மீட்காவிட்டால் மிஞ்சுவது கண்ணாடிப் புட்டியில் அடைத்து விலையேற்றி விற்கும் சுண்டைவற்றல்தான். ஒன்று, சேர்த்தது ஓடிக்கொண்டே இருந்தது. மற்றது, ஓடுவதற்கான வழி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. வீட்டுக்கும் இது பொருந்தும், அரசுக் கிடங்குக்கும் பொருந்தும். அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு தெருவிலும் வற்றல் டப்பாக்களை எண்ணுவதோடு, ரேஷன் அட்டை இல்லாத ஆள் யார், அடுப்பேற்ற முடியாத முதியவர் யார் என்றும் ஒரு கணக்கு எடுத்துவைக்கலாம். முதல் கணக்குக்கு ஒரு கோடை முழுவதும் வேண்டும். இரண்டாவதை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.